மல்லிகை கிடைக்காத ஊர்

ஆடிப்பெருக்கு அன்று காலை நான் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தபோது என் மகள் கனடாவிலிருந்து போன் செய்தாள். கையெல்லாம் ஈரம். காப்பரிசியும் பூவும் வைத்த தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

“அம்மா, எங்க இருக்கே? ஒரே சத்தமா இருக்கு.”

“ஆத்துல இருக்கேன்டி. பதினெட்டாம் பெருக்கு மறந்துட்டியா?”

“மறந்துட்டேன். சரி, அங்கேயே நின்னு கேளு.” பிறகு சொன்னாள். மூன்று மாதம் ஆகிறதாம். டாக்டர் உறுதியாகச் சொல்லும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்களாம்.

கல்யாணமாகிப் பல வருஷம் அவர்கள் இதற்காகக் காத்திருந்தார்கள். நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் தூரத்தில் இருக்கும் மகளுக்கு ஒரு தாய் செய்யக்கூடிய உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன கிராமம். எங்களுக்குக் காவிரி என்றால் அதிலிருந்து பிரிந்து வருகிற குடமுருட்டிதான். அந்த வருஷம் அணையைக் காலாகாலத்தில் திறந்திருந்ததால் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள் மஞ்சள் கயிற்றை ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் இருந்த பூ முழுவதையும் ஒரே கையால் அள்ளித் தண்ணீரில் போட்டேன். பக்கத்தில் நின்றவள், “என்னக்கா, எல்லாத்தையும் போட்டுட்டீங்க, தலைக்கு?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நான் வயலின் வாசிப்பவள். மேடையில் நடுவில் உட்காருகிறவள் இல்லை. பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போகிற வழியில் ஒரு அடி பின்னால் போகிறவள். இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, நெல் விவசாயம் செய்யும் குடும்பத்தில் வாக்கப்பட்டேன். விதை மூட்டைகளுக்கும் பூச்சிமருந்து டப்பாக்களுக்கும் நடுவே என் வயலின் பெட்டி வந்து இறங்கியது. என் கணவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அடைமழைக் காலத்தில் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கத் தெரியும். கோயில் கச்சேரிகள், கல்யாண வரவேற்புகள், மாலையில் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு. இவ்வளவுதான் என் சங்கீதம்.

பண்டிகை என்றால் மற்றவர்களுக்கு விடுமுறை, எனக்கு வேலை நாள். நவராத்திரியில் சரஸ்வதி பூஜை தவிர மற்ற நாளெல்லாம் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் இருப்பேன். மார்கழி முழுக்க விடியும் முன்பே சிவன் கோயில் பஜனையில் இருப்பேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது, “நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா பண்டிகை லேட்டா வருது?” என்று கேட்பாள். நான் வாசித்து முடித்துவிட்டு வந்து பாயசம் வைத்தால்தானே எங்களுக்குப் பண்டிகை. என் பக்தியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வராது. நான் உருகி அழுது கும்பிட்டவள் இல்லை. சுருதி சேர்ப்பதுபோல, அந்தந்த மாதம் வந்தால் அந்தந்தக் காரியத்தைச் செய்தேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் கருவைக் காக்கும் அம்மன் கோயில் இருக்கிறது. எந்தெந்த ஊரிலிருந்தோ கர்ப்பிணிகள் வருவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் நெய் வாங்கிப் போவார்கள், மாதமானவர்கள் விளக்கெண்ணெய் வாங்கிப் போவார்கள். வலி எடுக்கும்போது வயிற்றில் தடவினால் சுகப்பிரசவம் ஆகும் என்பது நம்பிக்கை. அந்தச் சன்னிதியில் எத்தனையோ நவராத்திரிக்கு நான் வாசித்திருக்கிறேன். என் மகளுக்காக எண்ணெய் வாங்கி, கனடாவுக்குப் போகிற ஒரு தெரிந்த பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். கசியாமல் இருக்க என் கணவர் அந்தப் புட்டியின் மூடியைச் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். “திறக்க முடியாம போயிடப் போவுதுங்க” என்றேன். “மாப்பிள்ளை திறந்துக்குவாரு” என்றார்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அவள் கேட்டாள். “அம்மா, இப்ப பாப்பாவுக்குக் காது கேக்குமாம். நீ ஏதாவது வாசிச்சு அனுப்பேன். உன் வயலின் அதுக்குப் பழகட்டும்.”

யாருடையதையோ வாசித்து அனுப்பியிருக்கலாம். ஊரில் தாலாட்டுக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு அந்தக் குழந்தைக்கு என்னுடையதாக ஒன்று வேண்டும்போல இருந்தது. வாழ்க்கை முழுவதும் பிறர் போட்ட தடத்தில் நடந்தவளுக்குத் தானே ஒரு தடம் போடுவது அவ்வளவு சுலபமில்லை. வில்லை எடுத்தால் யாராவது பாடட்டும் என்று என் கை காத்திருந்தது. நீலாம்பரி ராகத்தில் ஆரம்பித்தேன். எல்லோரும் அதில்தான் தூங்க வைக்கிறார்கள். ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே அது வேறு யாரோ செய்ததுபோல் ஆகிவிட்டது. விட்டுவிட்டேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. வயலினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு பூஜையில் வைத்தாயிற்று. மறுநாள் காலை வரை தொடக்கூடாது. அன்று மத்தியானம் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது சகானா ராகத்தில் ஒரு மெட்டு வந்தது. முழுதாக, வார்த்தையோடு வந்தது. வாத்தியத்தைத் தொட முடியாது, மறுநாள்வரை நினைவில் நிற்குமா என்று பயம். தேங்காய்த் துருவல் ஒட்டிய விரலாலேயே போனை எடுத்து, அடுப்படியில் நின்று பாடிப் பதிவு செய்தேன். எனக்குக் குரல் கிடையாது. மேலே போனால் பிசிறடிக்கும். அதனால்தான் வயலினே எடுத்தேன். ஆனாலும் பாடினேன்.

“வாய்க்கா தண்ணி வந்தாச்சு, வயலுக்கெல்லாம் சொல்லியாச்சு, மெல்ல மெல்ல வா கண்ணு, வீடு எங்கயும் போகாது.” இப்படித்தான் ஆரம்பிக்கும். கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் நானாகச் செய்தது அது ஒன்றுதான். விஜயதசமி அன்று வயலினில் வாசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதையும் அனுப்பினேன். அவளுக்குக் குரலில் பாடியதுதான் பிடித்தது. “வயலின் அழகா இருக்கும்மா. ஆனா இதுல நீ இருக்கே” என்றாள். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் வயிற்றுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் போட்டுக் காட்டுவாளாம். குழந்தை உதைக்குமாம். “அப்பாகிட்ட சொல்லு, தாளம் தப்பாம உதைக்குது” என்றாள். அதை அவரிடம் சொன்னபோது, வரப்பு மண் ஒட்டிய காலோடு வாசலிலேயே நின்று சிரித்தார்.

பொங்கல் முடிந்ததும் நான் போய்ப் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. தீபாவளி கழித்து விசாவுக்கு எழுதிப் போட்டோம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் விட்டுவிட்டுப் பெய்த மழை கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போனது. என் கணவர் காலையில் போய் வயலைப் பார்ப்பார், மத்தியானம் போய்ப் பார்ப்பார். வடிகால் நிரம்பி வழிந்ததால் வயல் தண்ணீர் போக இடமில்லை. “வடியணும், அவ்வளவுதான். நாம என்ன பண்ண முடியும்” என்பார். ஆனாலும் மறுபடி குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

கார்த்திகை தீபத்தன்று காலை நான் பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன் செய்தார். அவர் என்னிடம் நேராகப் பேசுவது குறைவு. மகள் பேசி முடித்துக் கொடுத்தால், “நல்லா இருக்கீங்களா அத்தை?” என்பார், அவ்வளவுதான். அன்று அவர் பேர் வந்ததைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்தேன்.

“அத்தை” என்றார். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க மாப்பிள்ளை. என்ன ஆச்சு?”

“நேத்துலேர்ந்து அசைவு இல்லைன்னு சொன்னா அத்தை. ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஸ்கேன் பண்ணாங்க. இல்லை அத்தை.”

என்ன இல்லை என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அவர் சொன்னார். ஏழாவது மாதம். இனிமேல்தான் வலி வரவைத்துப் பிரசவம் ஆக வேண்டும் என்றார். அதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் பெற்றாக வேண்டும். நான் இங்கே பாகு இறுகிப்போன பாத்திரத்துக்கு முன்னால் நிற்கிறேன்.

மாலை வரை வேறு செய்தி இல்லை. அந்த எண்ணெய்ப் புட்டியைப் பற்றி நினைக்கக்கூடாது என்று இருந்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை அந்த டேப்பைப் பிரித்திருப்பாரா? இந்தப் பிரசவத்துக்கும் அதைத் தடவலாமா, கூடாதா? யாரைக் கேட்பது? அம்மனையே கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு என்று தோன்றியது. என்னுடைய முகமா, அம்மனுடைய முகமா என்று எனக்குத் தெரியவில்லை.

இருட்டியது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் அகல் ஏற்றினார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. என் கணவர் திண்ணையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“விளக்கு ஏத்தட்டுங்களா, வேணாமா?” என்று கேட்டேன்.

“ஏத்து” என்றார். “இருட்டா இருக்கு.”

ஏற்றினேன். காற்றில் பாதி அணைந்தது. அணைந்ததை மறுபடி ஏற்றினேன். பெண் குழந்தை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டொரு நாளில் அவளே பேசினாள். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். வீடியோ வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்களாம், வேண்டிய நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். பாதத்தை மையில் ஒற்றி ஒரு அட்டையில் பதித்துக் கொடுத்தார்களாம். “பேரு கேட்டாங்கம்மா” என்றாள்.

“என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலை.”

பிறகு வேறு குரலில், சமையலில் சந்தேகம் கேட்பதுபோல, “அம்மா, பால் வருதும்மா. என்ன பண்றது?” என்றாள்.

“மல்லிப்பூவை வச்சுக் கட்டணும்டி. நெருக்கமா தொடுத்து, மார்ல வச்சு இறுக்கித் துணியைச் சுத்திக்கோ. பூ வாட வாட மாத்திக்கிட்டே இரு. பால் வத்திடும்.” என் வாய் தானாகச் சொன்னது. எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வைத்தியம் அது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் இருக்கும் ஊர் எனக்கு நினைவு வந்தது. ஜன்னல்வரை பனி குவிந்து கிடக்கும் ஊர். அங்கே மல்லிகைக்கு எங்கே போவாள்?

“இங்க நர்ஸ் முட்டைக்கோஸ் இலை வைக்கச் சொன்னாங்க” என்றாள்.

“முட்டைக்கோஸா?”

“ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்து.”

அவள் சிரிப்பதுபோல் சத்தம் வந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, “கண்ணு, கண்ணு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் பூக்காரம்மாவின் கூடைக்கு முன்னால் நின்றேன். மழையால் பூ வரத்து இல்லை, கொஞ்சம்தான் இருந்தது. “எவ்வளவு போடட்டும் டீச்சர்?” என்று கேட்டாள். இருந்ததை எல்லாம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாமி படங்களுக்கு வைக்க மனம் வரவில்லை, தலையில் வைக்கவும் மனம் வரவில்லை. பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். கறுத்துப்போகும்வரை அங்கேயே இருந்தது.

சீக்கிரம் தரச் சொல்லி விசா அலுவலகத்துக்கு மாப்பிள்ளை அங்கிருந்து எழுதினார். நான் இங்கிருந்து போன் செய்தேன். பதிவு செய்த குரல் ஒன்று, பரிசீலனையில் இருக்கிறது என்றது. பாஸ்போர்ட் அவர்களிடம். நான் கிளம்பத் தயாராக இருந்தும் கிளம்ப முடியாது.

மார்கழி பிறக்க இருந்தது. பஜனைக் குழுவில் முன்னால் நின்று பாடும் அம்மா, ரொம்ப வருஷப் பழக்கம், வீட்டுக்கு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது தயங்கித் தயங்கி, “உங்களுக்குத் தீட்டு உண்டான்னு குருக்களைக் கேட்டுக்கிட்டு அப்புறம் கோயிலுக்கு வாங்க. நான் தப்பா சொல்லலை” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. என் கணவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மகள் வேறு குடும்பத்துக்குக் கொடுத்தவள், குழந்தையும் பிறந்து மூச்சு விடவில்லை, அதனால் எங்களுக்கு எதுவும் கிடையாது என்று குருக்கள் சொன்னாராம்.

“ஒண்ணுமே இல்லையாங்களா?”

“இல்லையாம். தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா போதுமாம்.”

அதைக் கேட்டு நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை. பத்து நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, பண்டிகை கூடாது, இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று யாராவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரையுமே இழக்காதது மாதிரி ஆகிவிட்டது. அங்கே பேர் கேட்டார்கள், அவளால் சொல்ல முடியவில்லை. இங்கே எதையுமே கேட்கவில்லை.

ஆகவே நான் மார்கழிக்குப் போனேன். தடையில்லை என்ற பிறகு வீட்டில் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. பனியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் அவர்கள் பாடப் பாடப் பின்னால் போனேன். கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. இன்னொருவர் வழி காட்டுகிறார், நாம் போனால் போதும் என்பதில் ஒரு ஆறுதல் உண்டு. ஒரு நாள் அந்த அம்மா சகானாவில் ஒரு பாட்டை எடுத்தார். முதல் வரியிலேயே என் வில் நின்றுவிட்டது. என்ன முயன்றும் கை நகரவில்லை. பாட்டு முடியும்வரை வில்லைத் தந்தியின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜால்ராவும் குரல்களுமாக அது பாட்டுக்குப் போய் முடிந்தது. வயலின் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டுக்கு மறுபடி சேர்ந்துகொண்டேன்.

அந்த மாதம்தான் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் ஒரு இளம் தம்பதி உட்கார்ந்தார்கள். சேலம் பக்கத்திலிருந்து வருகிறார்களாம், அம்மன் கோயிலுக்குப் போக எந்த இடத்தில் இறங்கி மாற வேண்டும் என்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. மடியில் பூஜை சாமான் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நீங்க இந்த ஊருங்களா? ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கலைங்க. இங்க வேண்டிக்கிட்டா கண்டிப்பா நல்லபடியா நடக்கும்னு சொல்றாங்களே, நிஜம்தானுங்களா?” என்று கேட்டாள்.

அவள் புருஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனும் என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறான் என்று தெரிந்தது.

“நல்லபடியா நடக்கும்மா. போயிட்டு வாங்க” என்றேன்.

அதைப் பொய் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. உண்மை என்றும் சொல்ல மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? அவர்கள் இறங்கிப் போன பிறகு, என் வாய் சொன்னதை என் மனமும் எங்கோ ஓரத்தில் வேண்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவளுக்காவது நடக்கட்டும். இவ்வளவு நடந்தும் யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே கோபம் வந்தது. கோபப்பட்டுக்கொண்டே வேண்டிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் மகள் பேசும்போது ஒன்று கேட்டாள். “அம்மா, அந்தப் பாட்டு இன்னும் போன்ல இருக்கு. பாட்டு கேக்கலாம்னு போட்டா சில சமயம் அது தானா வந்துடுது. அழிச்சிடவா?”

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்டி.”

“எனக்குத் தெரியலையேம்மா. அதான் உன்னைக் கேக்கறேன். நீதானே போட்டே, நீ சொல்லு.”

ஒரு தாய்க்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அழி என்றால் அந்தக் குழந்தை கேட்ட ஒரே பாட்டு போகும். வைத்துக்கொள் என்றால் அவள் சாலையில் நடக்கும்போது, பஸ்ஸில் இருக்கும்போது, காதுக்குள் நான் அடுப்படியில் நின்று, மெல்ல வா என்று பாடிக்கொண்டிருப்பேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, “சரி விடு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். அதன் பிறகு அவள் அழித்தாளா, வைத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. என் போனில் அது இருக்கிறது. நான் போட்டுக் கேட்டதில்லை.

அந்த வருஷம் பொங்கலும் வந்தது. பயிரில் பாதி அழுகிவிட்டது, மீதி எப்படியோ நிமிர்ந்து கதிர் பிடித்திருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் மாடு கிடையாது, டிராக்டர்தான். கழுவிப் பொட்டு வைத்து மாலை போடுவோம். நான் உள்ளே வேலையாக இருந்தேன். வெளியே வந்து பார்த்தால், என் கணவர் டிராக்டரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனதும் எனக்கு அடையாளம் தெரிந்தது. குழந்தைக்கென்று அவருடைய பழைய வேட்டிகளைச் சலவைச் சோடா போட்டு அலசி, வெயில் காட்டி, சதுரம் சதுரமாகக் கிழித்து ஒரு பையில் கட்டி வைத்திருந்தேன். கடைத் துணி எத்தனை வாங்கினாலும் பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டிதான் மெத்தென்று இருக்கும். போகும்போது எடுத்துப்போக நினைத்தது. அந்தப் பை அலமாரிக்கு அடியில் கிடந்திருக்கிறது. அவருக்கு அது என்னவென்று தெரியாது.

“இந்தத் துணி நல்லாத் துடைக்குது. இன்னும் இருக்கா?” என்றார். கிரீஸ் படிந்து அது கறுத்துப்போயிருந்தது.

“இருக்குங்க” என்றேன். உள்ளே போய் இன்னும் இரண்டு எடுத்து வந்து கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது? அவரும் இரண்டு மாதமாகத் தண்ணீர் வடியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றவர்.

தை முடிவதற்குள் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. விசா ஒட்டியிருந்தது. என் படம்கூட நன்றாக விழுந்திருந்தது. உடனே மகளைக் கூப்பிட்டேன்.

“வந்துடுச்சுடி. டிக்கெட் போடச் சொல்லவா? அடுத்த வாரமே கிளம்பறேன்.”

“இப்ப வேணாம்மா” என்றாள்.

“ஏன்டி?”

“ஆபீஸுக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். இப்பத்தான் அழாம பஸ் ஏறப் பழகியிருக்கேன். நீ வந்து வாசல்ல நின்னா எல்லாம் போச்சு.”

“அழுதா என்ன? அம்மாகிட்டதானே.”

“அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து பழகணுமேம்மா. கோபமா?” என்றாள்.

“இல்லடி” என்றேன். கோபம் இல்லை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எதுவும் குறையவில்லை. அந்த நேரத்தில் கூடத்துக்கு வகுப்புப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். “பசங்க வந்துட்டாங்க, வைக்கட்டுமா?” என்றேன்.

“வைக்காதே. அப்படியே ஓரமா வச்சிரு. நீ உன் வேலையைப் பாரு. நான் கிளம்பற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு வகுப்பு எடுத்தேன். எங்களுக்கு மாலை, அவளுக்குக் காலை. அவள் அங்கே காபி போட்டாள், தலை சீவினாள், கோட்டை மாட்டினாள். எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அதன் பிறகு வகுப்பு உள்ள நாட்களில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. அவள் பத்தாம் வகுப்போடு வயலினை விட்டவள், படிப்பு முக்கியம் என்று நானும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகள் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைக் குதறுவதை ஒருவர் ஏன் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. இதைத் தவிர அவளுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ச, ரி, க, ம வாசித்துக்கொண்டிருந்தாள். நான் என் நினைப்பில் எங்கேயோ இருந்தேன். திடீரென்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அம்மா, ரிஷபம் சுருதி கம்மியா இருக்கும்மா. கேக்கலையா உனக்கு?”

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். “ஆமா, கம்மிதான்” என்றேன். அந்தப் பெண் பயந்துபோய் விரலை ஒரு இழுப்பு இழுத்தாள். இப்போது ரிஷபம் அதிகமாகிவிட்டது.